அக்காவின் கிருத்திகை

இப்போது அக்காவுக்கு மூன்று மாத மாத்திரையை ஒன்றாகவே கொடுத்துவிடுகிறார்கள். புனேயில் எங்கள் பேட்டையான போபோடியில் மெட்ரோ ஏறுகிறாள், ஆஸ்பத்திரிக்குப் போகிறாள், மத்தியானச் சோற்றுக்குள் வீடு திரும்பிவிடுகிறாள். துணைக்கு என்னைக் கூப்பிடுவதில்லை. அவசியமும் இல்லை. நல்லதுதானே என்று எனக்கு நானே சொல்லிக்கொள்கிறேன். ஆனால் சிலிண்டர் வண்டியோடு கட்கி ஸ்டேஷன் பக்கம் போகும்போது லோக்கல் ரயில் வந்து நின்றால், பழைய பழக்கத்தில் என் கண் பெண்கள் பெட்டியைத் தேடும். அந்தப் பெட்டியில் அக்கா இருப்பாள். பக்கத்துப் பெட்டியில் நான் நின்றுகொண்டிருப்பேன். ஒவ்வொரு ஸ்டேஷனிலும் ஜன்னல் வழியாகத் தலையை நீட்டி, நான் இருக்கிறேனா என்று பார்த்துக்கொள்வாள். நான் எங்கே போய்விடப் போகிறேன்?

இதை எழுதப் போகிறேன் என்று அக்காவிடம் சொன்னேன். "எழுது. ஆனா யார் பேரும் போடாத. முருகன் பேரு மட்டும் போட்டுக்க. அவன் கோச்சுக்க மாட்டான்" என்றாள்.

அக்காவுக்கு எச்.ஐ.வி. இருக்கிறது. அவள் புருஷன், மாமாவிடமிருந்து வந்தது. தேஹு ரோட்டில் அவளைக் கட்டிக்கொடுத்திருந்தோம். மாமா, விட்டு விட்டு வந்த காய்ச்சலில் இளைத்து இளைத்து ஒரு நாள் போய்விட்டார். அப்புறம்தான் அக்காவுக்கு ரத்தம் எடுத்துப் பார்த்தார்கள். யார் வாயிலிருந்து வெளியே போனதோ தெரியாது, காரியம் முடிவதற்குள் அந்தக் குடியிருப்பு முழுக்கத் தெரிந்துவிட்டது. யாரும் அவளை ஒரு வார்த்தை திட்டவில்லை. பொதுக் குழாயில் வரிசையாக வைத்திருந்த குடங்களில் அவள் குடத்தை மட்டும் யாரோ காலால் ஓரமாகத் தள்ளியிருந்தார்கள். மறுநாளும் அப்படியே. மூன்றாவது முறை அக்கா அந்தக் குடத்தை இடுப்பில் வைத்துக்கொண்டாள், ஷேர் ஆட்டோவில் ஏறினாள், ரயில் பிடித்து எங்கள் வீட்டுக்கு வந்துவிட்டாள். குழந்தை இல்லை. ஒரு பை துணி, ஒரு குடம், அவ்வளவுதான். அந்தக் குடத்தில்தான் இன்றைக்கும் எங்கள் வீட்டில் தண்ணீர் பிடிக்கிறோம்.

போபோடியில் எங்கள் வீடு ஓர் அறையும், தட்டி வைத்து மறைத்த ஒரு சமையல் இடமும். நான், என் மனைவி, இப்போது அக்கா. நான் கேஸ் சிலிண்டர் போடுகிறவன். ஐந்தாவது வரைக்கும் கட்கியில் தமிழ் படித்தேன், அதற்கு மேல் படிப்பு ஓடவில்லை. பேச்சும் அப்படித்தான். வீட்டு வாசலில் போய் "கேஸ்" என்று சொல்வதற்குக்கூட எனக்குத் தொண்டையைச் செருமிக்கொள்ள வேண்டும். சிலிண்டரைத் தரையில் தட்டி ஓசை எழுப்புவேன், அவர்களே வந்து கதவைத் திறப்பார்கள்.

அக்காவின் உடம்பு விஷயம் எங்கள் மூன்று பேருக்கு மட்டும் தெரியும் என்று வைத்துக்கொண்டோம். அவள் சும்மா உட்காரவில்லை. என் மனைவிதான், "அண்ணி, மாவு அரச்சு விக்கலாமா? நம்ம சந்துல எல்லாருக்கும் இட்லி வேணும், ஒருத்தருக்கும் அரைக்க நேரம் இல்ல" என்று ஆரம்பித்து வைத்தாள். ஒரு கிரைண்டர் வாங்கினோம். அக்கா கை உப்புப் போட்டுக் கலந்த மாவு புஸ்ஸென்று பொங்கும். வெகு சீக்கிரமே எங்கள் சந்தில் பாதி வீடுகளில் காலைப் பலகாரம் அக்காவின் மாவுதான். விஷயம் தெரிந்தால் அந்த மாவை யார் வாங்குவார்கள்? பேசினால், சேர்ந்து உட்கார்ந்தால், தொட்டால், சாப்பிட்டால் இந்த நோய் வராது என்று ஆஸ்பத்திரியில் சொல்லித்தான் அனுப்பினார்கள். குழாயடியில் நின்றவர்களுக்கு அதை யார் சொல்வது?

மாத்திரை மாதா மாதம் ஆஸ்பத்திரிக்குப் போய் வாங்க வேண்டும். ராத்திரிச் சாப்பாட்டுக்குப் பிறகு ஒன்று, ஒரு நாளும் தவறக்கூடாது. ஆனால் எங்கள் சந்தில் ஒரு பெண் நல்ல புடவை கட்டிச் செருப்பு மாட்டினால் நான்கு வாசலிலிருந்து கேள்வி வரும். முதல் மாதம் அக்கா மஞ்சள் புடவையில் கிளம்பி வாசலைத் தாண்டியதும் எதிர்வீட்டுப் பெரியம்மா பிடித்துக்கொண்டது. தொழிற்சாலை கேண்டீனில் சமைத்து ஓய்வு பெற்ற அம்மாள் அது. எங்கள் சந்தின் வாய் அதுதான்.

"இன்னாடி, மஞ்சப் பொடவ கட்டிக்கினு எங்க கெளம்பிட்ட?"

அக்கா திரும்பிப் பார்த்தாள். பெரியம்மா வீட்டுச் சுவரில் தொங்கிய தமிழ்க் காலண்டர் கண்ணில் பட்டிருக்க வேண்டும்.

"கோயிலுக்குப் பெரிம்மா. இன்னிக்குக் கிருத்திகை. வேண்டிக்கினு கீறேன்."

"அப்டியா! போய்ட்டு வா. எனக்கும் துன்னூறு எடுத்தா."

இப்படித்தான் அந்த விரதம் வந்தது. அப்புறம்தான் அதன் வசதி எங்களுக்குப் புரிந்தது. கிருத்திகை இருபத்தேழு நாளைக்கு ஒருமுறை வரும். டப்பாவில் முப்பது மாத்திரை. மாத்திரை தீர்வதற்கு முன்னால் முருகன் வந்துவிடுவான். கிருத்திகை ஞாயிற்றுக்கிழமையில் விழுந்தால்தான் சங்கடம். "முருகனுக்கு லீவு இல்ல, ஆஸ்பத்திரிக்கு லீவு" என்பாள் அக்கா. அந்த மாதம் மட்டும் பல் வலி, கண் பரிசோதனை என்று வேறு எதையாவது சொல்லி மறுநாள் போவோம்.

அந்த நாட்கள் எனக்கு எவ்வளவு பிடித்திருந்தன என்று அப்போது தெரியவில்லை. கிருத்திகை அன்று நான் வேலைக்கு மட்டம் போடுவேன். கட்கியில் லோக்கல் ஏறி புனே ஸ்டேஷனில் இறங்குவோம். ஆஸ்பத்திரியில் இந்த மாத்திரை கொடுக்கும் பகுதிக்குப் போகும் நடையில் எல்லோரும் குனிந்துகொண்டே நடப்பார்கள். அக்கா மட்டும் தலை நிமிர்ந்து, பூ வைத்துக்கொண்டு, கல்யாணத்துக்கு வந்தவள் மாதிரி நடப்பாள். டாக்டர் பார்ப்பார், மிச்ச மாத்திரையை எண்ணுவார்கள், புது டப்பா கொடுப்பார்கள். வெளியே வந்ததும் அக்கா டப்பாவின் மேலிருக்கும் காகிதத்தை நகத்தால் சுரண்டி எடுப்பாள். பிறகு முந்தானை முடிச்சிலிருந்து பஞ்சை எடுத்து டப்பாவுக்குள் அடைப்பாள். நடக்கும்போது மாத்திரை கலகலவென்று சத்தம் போடாமல் இருக்க அந்தப் பஞ்சு. தீர்ந்த டப்பாவை நான் சிலிண்டர் போடப் போகிற வழியில், எங்கள் ஆட்கள் யாரும் இல்லாத தெருவில் குப்பையில் போடுவேன்.

வேலை முடிந்ததும் ஸ்டேஷன் வாசலில் வடா பாவ். ஆரம்பத்தில் இரண்டு பேரும் சாப்பிட்டோம். பச்சை மிளகாயைக் கடித்துவிட்டு அக்கா கண்ணில் தண்ணீரோடு சிரிப்பாள். பிறகு கட்கிக்குத் திரும்பி, எங்கள் ஆட்கள் கட்டிய சின்ன முருகன் கோயிலுக்கு உண்மையாகவே போவோம். போகாமல் வீட்டுக்கு வந்தால் யாருக்குத் தெரியப் போகிறது என்று ஒருமுறை நான் கேட்டேன். "பொய் சொன்னா முழுசா சொல்லணும்டா. பாதி பொய் மாட்டிக்கும்" என்றாள். பூசாரி காகிதத்தில் மடித்துக் கொடுக்கும் திருநீற்றை வீடு வீடாகக் கொடுப்பாள். பெரியம்மா அதை நெற்றியில் பூசிக்கொண்டு, மிச்சத்தை நாக்கில் வைத்துக்கொள்ளும்.

ஒரு கிருத்திகை அன்று நான் வடா பாவை நீட்டினால் அக்கா வாங்கவில்லை.

"நீ துன்னுடா. நா கோயிலுக்குப் போய்ட்டுதான்."

"இன்னாக்கா, நெஜமாவே விரதமா?"

"தெரில. காலைலேந்து பசிக்கல."

அதற்குப் பிறகு அவள் கிருத்திகையில் கோயிலுக்குப் போவதற்கு முன்னால் டீயைத் தவிர எதையும் தொடவில்லை. நான் அவளுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு என் வடா பாவைத் தின்பேன்.

கொரோனா வந்து எல்லாவற்றையும் பூட்டினார்கள். ரயில் நின்றது. கோயில் கதவில் சங்கிலி போட்டார்கள். ஆனால் மக்கள் சமைத்துச் சாப்பிட வேண்டுமே, எனக்கு வேலை நிற்கவில்லை. பாஸ் கொடுத்திருந்தார்கள். ஆஸ்பத்திரியிலிருந்தும் நல்ல மனதோடு ஓர் ஏற்பாடு செய்திருந்தார்கள். வர முடியாதவர்களுக்கு மாத்திரையைக் கொண்டுவந்து கொடுக்க ஆள் வைத்திருந்தார்கள். எங்கள் பக்கத்துக்கு ஸ்கூட்டரில் ஒரு மராத்திப் பெண் வருவாள். அவளும் இதே மாத்திரை சாப்பிடுகிறவள்தான், அக்காவிடம் சொல்லியிருக்கிறாள். அவள் சிலிண்டர் குடோன் வாசலில் வந்து என் கையில் டப்பாவைக் கொடுத்துவிட்டுப் போய்விடுவாள். அதில் ஒரு கஷ்டமும் இல்லை.

கஷ்டம் வீட்டுக்குள்தான் இருந்தது. முன்பெல்லாம் சந்தில் ஆண்கள் ஷிஃப்டுக்குப் போவார்கள், பிள்ளைகள் பள்ளிக்கூடம் போகும், பெண்கள் வீட்டு வேலைக்குக் கட்கி பங்களாக்களுக்குப் போவார்கள். இப்போது எல்லோரும் எல்லா நேரமும் வாசலில். புழுக்கத்தில் எந்த வீட்டுக் கதவும் சாத்துவதில்லை. சாப்பாட்டு நேரத்தில் நாங்கள் கதவைச் சாத்தினால், "இன்னா, கதவ சாத்திக்கினு கோழியா துன்றீங்க? வாசன வரலியே!" என்று எதிர்வீட்டிலிருந்து சத்தம் வரும். அதனால் என் மனைவி ஒரு வழி கண்டுபிடித்தாள். சாப்பாடு முடிந்ததும் வாசல்படியில் போய்க் குறுக்கே உட்கார்ந்துகொண்டு, "பெரிம்மா, அந்த சீரியல்ல அவ புருஷன் திரும்பி வந்தானா இல்லியா?" என்று கேட்பாள். சீரியல் படப்பிடிப்பே நின்றுபோயிருந்தது. ஆனாலும் பெரியம்மா பழைய கதையை முதலிலிருந்து சொல்லும். அந்த நேரத்தில் அக்கா தட்டிக்குப் பின்னால் போய், மாத்திரையை மாற்றி வைத்திருந்த தைல டப்பாவைத் திறந்து, மாத்திரையைப் போட்டுக்கொண்டு தண்ணீர் குடிப்பாள். வெளியே வந்து, "வந்தானா அவன்?" என்று கதையில் சேர்ந்துகொள்வாள். நாங்கள் மூன்று பேரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்கமாட்டோம், பார்த்தால் சிரிப்பு வந்துவிடும். அவ்வளவு பயத்திலும் அப்படிச் சிரித்திருக்கிறோம்.

பிறகு எங்கள் சந்துக்கே கொரோனா வந்தது. கடைசி வீட்டில் ஒருவருக்கு. வெள்ளை உடுப்புப் போட்டவர்கள் ஆம்புலன்ஸில் வந்து அந்தக் குடும்பத்தையே ஏற்றிக்கொண்டு போனார்கள். சந்து முழுக்க ஜன்னலில் நின்று பார்த்தது. நேற்றுவரை அவர்களோடு சீட்டாடியவர்கள்கூட வாயைத் திறக்கவில்லை. கொடியில் காய்ந்துகொண்டிருந்த அவர்கள் துணியை யாரும் எடுக்கவில்லை, நாள் கணக்கில் வெயிலில் கிடந்து வெளுத்தது. அக்கா அந்தத் துணியையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"ஊரு உலகத்துக்கே வர்ற நோவு. இதுக்கே இப்டின்னா..." என்றாள்.

அன்றைக்கே சந்தின் இரண்டு முனையிலும் மூங்கில் கட்டி, பத்ரா அடித்துவிட்டார்கள். தகரத்தை இங்கே பத்ரா என்போம். முனையில் காவலுக்கு ஒரு போலீஸ் ஹவல்தார். யாரும் வெளியே போகக்கூடாது, என் பாஸும் செல்லாது. பால், காய்கறி, மருந்து எல்லாம் முனையில் போட்ட மேஜைக்கு வரும். எங்கள் சந்துப் பையன்களே அங்கே நின்று பையைத் திறந்து பார்த்து, மருந்து அடித்து, மைக்கில் கூப்பிடுவார்கள். "மாடி வீட்டு மாமா, உங்க பிரஷர் மாத்திரை வந்திருக்கு! தையக்கார அக்கா, உங்க மூல மருந்து!" சந்தே சிரிக்கும். தையல்கார அக்கா முகத்தை மூடிக்கொண்டு வந்து வாங்கிக்கொண்டு போவாள்.

தைல டப்பாவில் மாத்திரை அடிமட்டத்துக்கு வந்துவிட்டிருந்தது. அப்போதுதான் ஸ்கூட்டர் பெண் போன் செய்தாள். நாளை ஒரு நாள்தான் இந்தப் பக்கம் வர முடியும், அதன் பிறகு எப்போது என்று தெரியாது என்றாள். "தாயீ, டென்ஷன் நகோ. கவலை வேண்டாம் அக்கா, நானே உங்கள் முனைக்கு வந்து, உங்கள் பேர் சொல்லிக் கொடுத்துவிடுகிறேன்" என்று இந்தியும் மராத்தியுமாகச் சொன்னாள்.

"நகோ, நகோ" என்றாள் அக்கா. போனை வைத்துவிட்டுக் கிரைண்டருக்குப் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டாள். மாத்திரையை விட்டால் உடம்பு போகும், அந்த மேஜைக்கு வந்தால் பெயர் போகும். என் மனைவி அக்காவின் முதுகில் கை வைத்துக்கொண்டிருந்தாள்.

அந்த நேரத்தில் பெரியம்மா மாவுக்குப் பாத்திரத்தோடு வந்து நின்றது.

"நாளைக்குக் கிருத்திகை ஆச்சேடி. இன்னா பண்ணுவ?"

"இன்னா பண்றது பெரிம்மா. பத்ரா அடிச்சிட்டானுங்களே."

வாய்க்கு வந்ததைத்தான் அக்கா சொன்னாள். ஆனால் அவள் கண் கலங்கியிருந்ததைப் பெரியம்மா பார்த்துவிட்டது. விரதம் கெட்டுப்போகிறதே என்றுதான் அழுகிறாள் என்று நினைத்துக்கொண்டது.

"எத்தினி வருசமா உடாத விரதம்! நம்ம சந்துக்கே நீதான துன்னூறு கொணாந்து குடுக்கற? போன மாசம் துன்னூறு இல்ல, இந்த மாசம் கொரோனா வந்துச்சு பாத்தியா? நீ குளிச்சிட்டு ரெடியா இரு. அந்த ஹவல்தார நா பாத்துக்கறேன்."

பெரியம்மா போனதும் அக்கா கண்ணைத் துடைத்துக்கொண்டு ஸ்கூட்டர் பெண்ணுக்குப் போன் போட்டாள். முனைக்கு வர வேண்டாம், கட்கியில் முருகன் கோயில் வாசலுக்கு வா என்றாள்.

"எப்டிக்கா உடுவாங்க?" என்றேன்.

"பெரிம்மா பாத்துக்கறேன்னு சொல்லிச்சுல்ல?"

மறுநாள் காலை முனையில் பெரியம்மா இன்னும் சில பெண்களைச் சேர்த்துக்கொண்டு நின்றது. எல்லோரும் முந்தானையால் மூக்கை மூடிக்கொண்டு, ஆளுக்கு ஆள் இடைவெளி விட்டு நின்றார்கள். அந்தப் பக்கம் நாற்காலியில் மராத்தி ஹவல்தார். பெரியம்மா தன் கேண்டீன் இந்தியில் விஷயத்தைச் சொல்லிற்று.

"மந்திர் பந்த் ஹை, மாவ்ஷி" என்றார் ஹவல்தார். கோயில் பூட்டியிருக்கிறதாம். "இப்போது தேவனுக்கும் குவாரண்டைன்தான்."

"தர்வாஜா பந்த் ஹை சாப். தேவ் கபீ பந்த் நஹீ ஹோதா!" கதவுக்குத்தான் பூட்டு, சாமிக்கு ஏது பூட்டு!

பெண்கள் சிரித்தார்கள். ஹவல்தாருக்கும் மாஸ்க்குக்கு மேலே கண் சுருங்கியது. அவர் என்னைக் கை காட்டினார். கேஸ்வாலாவிடம் பழைய பாஸாவது இருக்கிறது, வேண்டுமானால் அவன் மட்டும் போய்க் கும்பிட்டுவிட்டு வரட்டும் என்றார்.

எனக்கு உயிர் வந்தது. மாத்திரையை நானே வாங்கிக்கொண்டு வந்துவிடலாம். நான் காலை எடுத்து வைப்பதற்குள் பெரியம்மா குறுக்கே கையை நீட்டிற்று.

"இவனா? வாயில கொழுக்கட்ட வச்சிக்கினு நிப்பான். சாமியாப் பாத்து 'இன்னாப்பா வேணும்'னு கேட்டாதான் உண்டு!" என்று எங்களுக்குத் தமிழில் சொல்லிவிட்டு, ஹவல்தாரிடம் இந்தியில் திரும்பிற்று. "விரதம் இவளோடது சாப். மருந்த ஒருத்தர் துன்னா இன்னொருத்தருக்கு நோவு போவுமா?"

அக்காவும் நானும் ஒருவரையொருவர் பார்க்காமல் தரையைப் பார்த்தோம்.

ஹவல்தார் யோசித்தார். தன் தாயும் சதுர்த்திக்குச் சதுர்த்தி உபவாசம் இருக்கிறவள், சந்திரனைப் பார்க்காமல் வாயில் தண்ணீர் விடமாட்டாள் என்றார். கடைசியில் ஒரு வழி சொன்னார். அக்காவும் துணைக்கு நானும் கோயில் வாசல் வரைக்கும் போகலாம், எங்கேயும் நிற்கக்கூடாது, எதையும் தொடக்கூடாது. கூட ஒரு பெண் போலீஸ் வருவாள்.

பெண்கள் குலவை போடாத குறை. மாத்திரையைப் போலீஸ் கண் முன்னால்தான் வாங்க வேண்டியிருக்கும்.

கட்கி பஜார் அப்படி ஒரு அமைதியில் கிடந்ததை நான் அதற்கு முன்னும் பார்த்ததில்லை, பின்னும் பார்க்கவில்லை. ஷட்டர் எல்லாம் இறக்கியிருந்தது. குல்மோகர் மரம் பூவைக் கொட்டி, பெருக்க ஆளில்லாமல் ரோடு சிவப்பாக இருந்தது. அக்கா மஞ்சள் புடவையில் முன்னால் நடந்தாள். பெண் போலீஸ் கையில் லத்தியோடு அவள் பக்கத்தில். நான் பின்னால். எங்கேயோ ஒரு வீட்டில் குக்கர் விசில் அடித்ததுகூட ரோட்டில் கேட்டது.

கோயில் வாசலில் ஸ்கூட்டர் நின்றது. அந்தப் பெண் போலீசைப் பார்த்ததும் ஒரு நொடிதான் திகைத்தாள். வண்டியில் மாட்டியிருந்த துணிப்பையை எடுத்து, "யா தாயீ, ஃபுலே, நாரள்" என்று பூக்காரி மாதிரி நீட்டினாள். பையின் மேலே ஒரு தேங்காயும் கொஞ்சம் சாமந்தியும் இருந்தன. எல்லாம் அவளே யோசித்துச் செய்துகொண்டு வந்திருந்தாள். அக்கா பையை வாங்கிக்கொண்டு ஒரு அடி வைத்தாள்.

கலகலவென்றது.

ஊரடங்கு என்பதால் இந்த முறை இரண்டு டப்பா கொடுத்து அனுப்பியிருந்தார்கள். உள்ளே பஞ்சு இல்லை. வழக்கமாக ஆஸ்பத்திரி வாசலிலேயே அடைத்துவிடுவாளே, பஞ்சை எடுத்து வைக்க வேண்டும் என்று யாருக்கும் ஞாபகம் வரவில்லை. வேறு எந்த நாளாக இருந்தாலும் பஜார் சத்தத்தில் காதில் விழுந்திருக்காது. அன்றைக்கு அந்த ரோட்டில் அது மணி அடித்த மாதிரி கேட்டது.

"காய் வாஜ்தய்?" என்றாள் பெண் போலீஸ். என்ன சத்தம் அது? லத்தி நுனியால் பூவை விலக்கப் போனாள். அவளுக்குக் காவல் எங்கள் சந்து முனையில்தான். பார்த்துவிட்டால், ஹவல்தார் கேட்டால், அந்த மைக் இருக்கும் இடத்தில்தான் சொல்வாள். அக்கா பையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு என்னைத் திரும்பிப் பார்த்தாள். ரயில் ஜன்னலிலிருந்து பார்ப்பாளே, அதே பார்வை.

காவடித் திருவிழாவில் ஊரே கத்தும்போதும் நான் உதட்டை மட்டும் அசைக்கிறவன். எங்கிருந்து வந்தது என்று தெரியவில்லை.

"கந்தனுக்கு!" என்று கத்தினேன்.

என் குரல் எதிர்ச்சுவரில் போய் இடித்துத் திரும்பி வந்தது. பெண் போலீஸ் துள்ளிக் குதித்துத் திரும்பினாள். பதில் சொல்ல ஆள் இல்லை. அந்தக் கூப்பாட்டைத் தனியாகப் போட்டுவிட்டு நிற்பது எவ்வளவு கூச்சம் என்று போட்டவனுக்குத்தான் தெரியும். காது இரண்டும் எரிந்தது. ஓடிவிடலாமா என்று இருந்தது.

கோயிலுக்கு எதிரே கதவு சாத்திய வீட்டின் மாடி ஜன்னலிலிருந்து ஒரு பெண் குரல் வந்தது. "அரோகரா!"

"வேலனுக்கு!" என்றேன்.

"அரோகரா!" இந்த முறை அக்காவும் சேர்ந்துகொண்டாள். பக்கத்துச் சந்திலிருந்து ஓர் ஆண் குரல், அதற்கும் பின்னாலிருந்து பிள்ளைகளின் குரல். முகம் ஒன்றும் தெரியவில்லை. அந்தப் பக்கம் எங்கள் ஆட்களின் வீடுகள் நிறைய. எத்தனை நாளாக அடைந்து கிடந்தார்களோ, நான் நிறுத்திய பிறகும் அவர்கள் நிறுத்தவில்லை. ஒரு வீட்டிலிருந்து ஒருவர் கேட்க, இன்னொரு வீட்டிலிருந்து பதில் போய்க்கொண்டே இருந்தது. பெண் போலீஸ் சுற்றிலும் ஜன்னல்களைப் பார்த்தாள். லத்தியைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு கோயிலைப் பார்த்துக் கைகூப்பினாள்.

சத்தம் கேட்டுப் பூசாரி உள்ளேயிருந்து வேட்டியைப் பிடித்துக்கொண்டு ஓடி வந்தார். "யார்ரா அது?" என்றவர் என்னைப் பார்த்ததும் நம்பவில்லை. "நீயா!"

அக்காவைப் பார்த்து, "இன்னிக்கு நீ வரலியேன்னுதான்மா நெனச்சிக்கினே அபிஷேகம் பண்ணேன்" என்றார். கம்பிக் கதவின் இடுக்கு வழியாகத் திருநீற்றுப் பொட்டலங்களை என் சட்டைப் பையில் போட்டார். காலையில் சாமிக்குப் போட்ட மாலையைக் கழற்றிக்கொண்டு வந்து அக்காவின் பைக்குள் விட்டார். கதம்ப மாலை, ஈரம் சொட்டச் சொட்ட, நல்ல கனம். அக்கா அதை இரண்டு கையாலும் உள்ளே அமுக்கினாள். பையை ஆட்டிப் பார்த்தாள். ஒரு சத்தமும் இல்லை.

ஸ்கூட்டர் பெண் வண்டியைக் கிளப்பிக்கொண்டே, "தாதா, காய் ஆவாஜ் ஆஹே!" என்று என்னிடம் சொல்லிவிட்டுப் போனாள். அண்ணா, என்ன குரல் உங்களுக்கு!

முனைக்குத் திரும்பியதும் பையன் மருந்து அடிக்கும் குழாயோடு வந்து பைக்குக் கை நீட்டினான். "டேய்! பிரசாதத்துல மருந்து அடிப்பியா? கைய எட்றா!" என்று பெரியம்மா போட்ட சத்தத்தில் அவன் பின்வாங்கினான். பெண்கள் பூவுக்காக நெருங்கினார்கள். அவர்களையும் பெரியம்மாவே விரட்டிற்று. "தள்ளி நில்லுங்கடி! வெளிய போய்ட்டு வந்தவ. மொதல்ல குளிக்கட்டும், அப்பறம் தொடலாம்." அது அந்த நாட்களின் சட்டம். அக்கா பையோடு நேராகக் குளிக்கப் போய்விட்டாள். நான் ஒவ்வொரு வாசலிலும் எட்ட நின்று திருநீற்றுப் பொட்டலத்தைக் கொடுத்தேன். அவள் குளித்து வந்து மாலையைப் பிரித்து, வீட்டுக்கு ஒரு முழமாகக் கிள்ளிக் கொடுத்தாள்.

"போலீஸ்காரி சொன்னா. கத்துனது நீயாமே?" என்றது பெரியம்மா. "பொய் சொல்றாளோன்னு நெனச்சேன்."

நான் தலையைக் குனிந்துகொண்டேன். அன்று சாப்பாட்டுக்குப் பிறகு என் மனைவி வாசல்படியில் போய் உட்கார்ந்து, சீரியல் கதை கேட்க வேண்டிய வேலை இல்லாமல் போயிற்று. நான் கத்திய கதையைப் பெரியம்மாவே சந்துக்கு நடித்துக் காட்டிக்கொண்டிருந்தது. அக்கா தட்டிக்குப் பின்னால் நின்று மாத்திரையைப் போட்டுக்கொண்டு, தண்ணீரை வாயில் வைத்துக்கொண்டே சிரித்ததில் புரையேறிவிட்டது.

பத்ராவைப் பிரித்தார்கள், ரயில் ஓடிற்று, எல்லாம் பழையபடி ஆயிற்று. பெரியம்மா இப்போது இல்லை. கடைசிவரைக்கும் அக்காவின் மாவில்தான் அதற்கு இட்லி. விஷயம் அதற்குத் தெரியாமலே போயிற்று. தெரிந்திருந்தால் என்ன செய்திருக்கும் என்று நான் யோசித்துப் பார்த்திருக்கிறேன், சொல்ல முடியவில்லை. அக்காவிடம் கேட்டால், "ஏன் கேக்கற, வுடு" என்பாள்.

மாத்திரைக்குக் கிருத்திகை தேவையில்லாமல் போன பிறகும் அவள் விரதத்தை விடவில்லை. போன கிருத்திகை அன்று என்னவோ, "வர்றியாடா?" என்றாள். வேலைக்கு மட்டம் போட்டுவிட்டுப் போனேன். பஜாரில் ஒரே கூட்டம், ஹார்ன் சத்தம். கோயில் வாசலில் நின்று அக்கா முழங்கையால் என்னை இடித்தாள்.

"கத்துடா."

"போக்கா."

"ஒரே ஒரு வாட்டி."

தொண்டையைச் செருமிக்கொண்டேன். "கந்தனுக்கு" என்றேன். பக்கத்தில் நின்ற பூக்காரிக்குக்கூடக் கேட்டிருக்காது.

"அரோகரா" என்றாள் அக்கா, அதே அளவு குரலில். பிறகு, "வா, மாவு பொங்கி வழியப் போவுது" என்று எனக்கு முன்னால் நடந்தாள்.